ஏழாவது பெரிய நாட்டார்

ராஜாவைப் பற்றி மற்ற பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் படித்துத்தான் தெரிந்துகொண்டார்கள். எனக்கு அந்தச் சிரமம் இருக்கவில்லை. எங்கள் குடும்பத்திலேயே ஒருவர் இருந்தார். டோல்கேட்டுக்கும் எண்ணூருக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, கூடப்பிறந்த அண்ணன். எனக்குப் பெரியப்பா.

திருவொற்றியூருக்கு வடக்கே, கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலையைத் தாண்டினால், கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்களுக்கு இடையே கொஞ்சம் மணல் மிஞ்சியிருக்கும். அந்த மணலை ஒட்டி நூற்றுச் சொச்சம் வீடுகள். அதுதான் எங்கள் குப்பம். குப்பத்துக்குப் பரம்பரையாக ஒரு தலைவர் உண்டு. அவருக்குப் பெரிய நாட்டார் என்று பட்டம். நாட்டார் இறந்தால் மூத்த மகனுக்கு, மகன் இல்லாவிட்டால் தம்பிக்கு என்று வீட்டுக்குள்ளேயே இறங்கி வரும். உயிரோடு இருக்கும்போதே ஒருவர் அதை இறக்கி வைத்தால் மட்டும் அந்த வீட்டை விட்டே போய், இரண்டாம் வீடான சின்ன நாட்டார் வீட்டுக்குச் சேர்ந்துவிடும். ஆறு தலைமுறையில் அப்படி ஒருவரும் இறக்கி வைத்ததில்லை. யார் வைப்பார்கள்? பெரியப்பா ஏழாவது பெரிய நாட்டார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. எனவே அடுத்தது நைனா, அதற்கும் அடுத்தது அம்மாவின் இடுப்பை விட்டு இறங்காமல் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த என் தம்பி. பெண் பிள்ளைக்குப் பட்டம் கிடையாது. எனக்கு அதில் வருத்தமும் கிடையாது. ராஜா வீட்டுப் பெண் என்பதே எனக்குத் தாராளமாகப் போதுமானதாக இருந்தது.

ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாளில் அவரைப் பார்க்க வேண்டும். முதல் நாள் வரைக்கும் காக்கிச் சட்டையில் ஸ்பேனரும் கையுமாக வண்டிக்கு அடியில் படுத்திருந்த மனிதர், குளித்து, எட்டு முழ வேட்டி கட்டி, சந்நிதிக்கு முன்னால் வந்து நிற்பார். பூசாரி அவர் தலையில் பட்டுப் பரிவட்டம் கட்டுவார். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு கட்டியம் சொல்வார். கப்பல் கரை சேர்த்த நாட்டார், அவர் மகன் அலைக்கு அஞ்சாத நாட்டார், அவர் மகன் இன்னார் என்று ஏழு பேரின் பட்டமும் பெயரும் ஒரே மூச்சில் வரும். ஏழாவது பெயருக்குப் பம்பையில் ஓங்கி ஓர் அடி விழும். எனக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை சிலிர்த்துப்போகும். லைசென்ஸில் ஒரு பெயரும் ஒரு இனிஷியலுமாக இருந்தவருக்குள் இத்தனை பேர் நிற்கிறார்களே என்று வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பேன். மறுநாள் காலையில் அதே வாய், "உள்ள தள்ளிக் குந்துமா, இன்னோர் ஆள் குந்தலாம்" என்று டோல்கேட்டில் கூவிக்கொண்டிருக்கும்.

கப்பல் கரை சேர்த்தவர்தான் எங்கள் முதல் நாட்டார். வெள்ளைக்காரன் காலத்தில் புயலில் சிக்கிய ஒரு கப்பலின் ஆட்களை, கட்டுமரத்திலேயே போய் ஒருவர் விடாமல் கரை சேர்த்தாராம். கப்பல்காரன் தன் கைத்தடியின் பித்தளைப் பூணைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனானாம். இப்படி ஒரு கப்பல் கதை இல்லாத கடற்கரை ஊரே இல்லை என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். ஆனால் எங்கள் கதைக்குச் சாட்சி இருந்தது. பெரியப்பா வீட்டில், சாமி படங்களுக்குப் பக்கத்தில், ஃப்ரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே அந்தப் பூண் மாட்டிய மூங்கில் கம்பு சாத்தி வைத்திருக்கும்.

அந்தக் கம்புதான் நாட்டாரின் அதிகாரம். நுனியில் வேப்பிலைக் கொத்து கட்டி, அலை எட்டும் இடத்துக்குச் சற்று மேலே, ஈர மணலில் அதை நட்டுவிட்டால் ஒரு படகும் கடலில் இறங்காது. சுற்றிப் பத்தடிக்குள் ஒருவரும் கால் வைக்க மாட்டார்கள். நாட்டார் தன் கையால் பிடுங்கினால்தான் கடல் திறக்கும். குப்பத்தில் சாவு விழுந்தால் நடுவார்கள், கோயிலில் கொடி ஏறினால் நடுவார்கள், ஒரு நாட்டாரிடமிருந்து இன்னொருவருக்குப் பட்டம் மாறினால் நடுவார்கள். காரணம் இல்லாமல் நட்டால், நட்ட வீட்டுக்கு ஒரு வருஷம் கடல் மூடிவிடும். அந்த வீட்டுப் படகு இறங்கக் கூடாது. அந்த வீட்டோடு யாரும் பேச்சு வைத்துக்கொள்ளக் கூடாது. இதெல்லாம் எனக்கு அத்துப்படி. தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல இன்றைக்கும் எனக்கு வழியில்லை. சட்டம் என்பது மற்றவர்களுக்கு என்று ஒன்பது வயதில் உறுதியாக நம்பியிருந்தேன், அவ்வளவுதான்.

எல்லாம் பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்தது. மிஸ் அரசர்களைப் பற்றிப் பாடம் நடத்திவிட்டு, இப்போது ராஜாக்கள் யாரும் இல்லை என்று முடித்தார். நான் எழுந்து நின்று, எங்கள் பெரியப்பா இருக்கிறாரே என்றேன். வகுப்பு சிரித்தது. அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பேன். என் பக்கத்தில் உட்காரும் ஜெனிஃபர் தண்டையார்ப்பேட்டைக்காரி. தினமும் அவள் டோல்கேட்டில் ஏறி வருவது பெரியப்பாவின் வண்டியில்தான். அவள் என் காதில், "அவரா? எங்க அம்மாவையே சில்லறை இல்லன்னா எறங்குன்னு சொன்னாரே, அவரா ராஜா?" என்றாள். கேலியாகக்கூடக் கேட்கவில்லை, உண்மையிலேயே சந்தேகத்தோடு கேட்டாள். எனக்கு முகம் எரிந்தது. சனிக்கிழமை வா, காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை அவளைக் கொண்டுவந்து இறக்கியதே பெரியப்பாதான். ஆளும் பேருமாக நிறைந்த வண்டியைக் குப்பத்து முனையில் நிறுத்தி, "உன் தோஸ்து வந்துகிறா பாரு, வெயில்ல சுத்தாதீங்க" என்று சொல்லிவிட்டு எண்ணூர்ப் பக்கம் போய்விட்டார். தன் அரசாட்சிக்குத் தானே பார்வையாளரைக் கூட்டிவந்து விட்டுவிட்டுப் போகிறார் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அன்றைக்குக் கரையே பரபரப்பாக இருந்தது. நாலு நாளாகக் காற்றும் கடலும் கொந்தளித்து ஒரு படகும் போகவில்லை. அன்று காலையில்தான் காற்று தணிந்திருந்தது. மூன்று மணிக்கு வலை ஏற்றிக்கொண்டு இறங்கினால் மறுநாள் விடியலில் திரும்பலாம். நாலு நாள் கடன் சோறு சாப்பிட்டவர்களுக்கு அந்த மூன்று மணி எப்படிப்பட்ட மணி என்று சொல்லத் தேவையில்லை. நைனாவும் மற்ற ஆண்களும் சாப்பிட்டுவிட்டு, வலை பின்னும் கொட்டகையில் தார்ப்பாய் நிழலில் சற்றுச் சாய்ந்திருந்தார்கள். பெரியம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தார். வீடு திறந்து கிடந்தது.

ஜெனிஃபரைக் கூட்டிப்போய்க் கம்பைக் காட்டினேன். பூணைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். கப்பல் கதையை என்னால் முடிந்த அளவு நீட்டிச் சொன்னேன். அவள் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எங்க வூட்டு ஒட்டடைக் கம்பு மாதிரி கீது" என்றாள்.

ஏழு தலைமுறையை ஒட்டடைக் கம்பு என்று சொன்னால் கேட்டுக்கொண்டு இருப்பதா? கோயில் வேப்பமரத்தில் ஒரு கொத்து ஒடித்தேன். என் பாவாடை நாடாவில் பாதியைக் கிழித்து நுனியில் கட்டினேன். ஜெனிஃபரைக் கருங்கல் மேட்டில் உட்காரவைத்துவிட்டு, என்னைவிட உயரமான அந்தக் கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு, கொட்டகைக்குத் தெரியாமல் படகுகளின் மறைவிலேயே போனேன். ஈர மணலில் இறங்கி, இரண்டு கையாலும் அழுத்தி, மேலே தொங்கி, எப்படியோ நட்டுவிட்டேன். ஓடிவந்து ஜெனிஃபர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். எண்ணிப் பத்து நிமிஷம் வேடிக்கை காட்டிவிட்டுப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடுவதாகத்தான் திட்டம்.

முதலில் பார்த்தது யார் என்று தெரியவில்லை. ஒரு படகில் இன்ஜினை முடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அந்தச் சத்தம் நின்றது. கொட்டகையில் பாடிக்கொண்டிருந்த ரேடியோ நின்றது. படுத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். தலைப்பாகையாகக் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார்கள். செருப்பைக் கழற்றினார்கள்.  ஏற்றி முடித்த வலைகளை மறுபடி கீழே இறக்கினார்கள். அடுத்த குப்பம் வரைக்கும் கேட்கிற மாதிரி கத்திப் பேசுகிற மனிதர்கள் அத்தனை பேரும் கம்பிலிருந்து பத்தடி தள்ளி வட்டமாக வந்து நின்று, அந்த வேப்பிலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அலைச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

அந்தக் காட்சியை நான் இன்னும் மறக்கவில்லை. அத்தனை பெரிய கடலை ஒரு மூங்கில் கம்பு பூட்டிவிட்டது. பெரியப்பா அங்கே இருக்கக்கூட இல்லை, எங்கேயோ யாருக்கோ பிரேக் போட்டுக்கொண்டிருக்கிறார், ஆனாலும் ஊர் கட்டுப்பட்டு நிற்கிறது.  ஜெனிஃபர் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.  "பாத்தியா?" என்றேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

பத்து நிமிஷம் ஆவதற்குள் முதல் ஒப்பாரி கேட்டது. கொடியேற்றம் இல்லாத நாளில் கம்பு நிற்கிறதென்றால் யாரோ செத்திருக்க வேண்டும். யார் என்று நாட்டார் வீட்டில்தான் கேட்க வேண்டும். நாட்டார் வீட்டில் ஒருவரும் இல்லை. நைனா கண்ணெதிரே நிற்கிறார், அம்மா தம்பியோடு நிற்கிறாள். அப்படியென்றால் மிச்சம் யார்? யாரோ ஒரு பெண், காலையில் சாலையில் கன்டெய்னர் லாரி ஒன்று குறுக்கே மாட்டி நின்றதைப் பார்த்ததாகச் சொன்னாள். அடுத்தவள் வாயில் அந்த லாரி ஒரு ஷேர் ஆட்டோவை இடித்திருந்தது. மூன்றாவது வாய்க்குப் போகும்போது பெரியப்பா இறந்திருந்தார். நைனா செல்போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். வண்டி ஓட்டும்போது பெரியப்பா எடுக்க மாட்டார்.

அந்த நேரம் பார்த்துப் பெரியம்மா ரேஷன் பையோடு வந்தார். பெண்கள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு கதறினார்கள்.  பெரியம்மா கம்பைப் பார்த்தார், அவ்வளவுதான். பை கையை விட்டுப் போய் அரிசி மணலில் கொட்டியது. அப்படியே முழங்காலிட்டு உட்கார்ந்தவர், அழக்கூட முடியாமல் வாயைத் திறந்து திறந்து மூடினார்.

நான் சொல்லியிருக்கலாம். அங்கிருந்து பத்து எட்டு எடுத்துவைத்து, நான்தான் நட்டேன், விளையாட்டுக்கு நட்டேன் என்று சொல்லியிருந்தால் அந்த அழுகை அந்த நிமிஷமே நின்றிருக்கும். சொல்ல முடியவில்லை.  நைனாவின் படகு ஒரு வருஷம் மணலில் கிடப்பதும், பக்கத்து வீட்டுப் பெண்கள் அம்மாவைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. பயம் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். பெரியம்மாவைவிட எனக்கு என்னைப் பற்றிய கவலைதான் பெரிதாக இருந்தது. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

அப்போது சாலைப் பக்கத்திலிருந்து ஹாரன் சத்தம். ஷேர் ஆட்டோ ஆறு பயணிகளோடு மணல் விளிம்பு வரைக்கும் வந்து மூச்சு வாங்கி நின்றது. வழியில் யாரோ, உங்கள் குப்பத்தில் கம்பு நிற்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். பெரியப்பா இறங்கி ஓடி வந்தார். அவருக்கும் தெரியாது, வீட்டில் யார் போய்விட்டார்களென்று. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தவர் மணலில் உட்கார்ந்திருந்த பெரியம்மாவைப் பார்த்தார். பெரியம்மா அவரைப் பார்த்தார். காக்கிச் சட்டையின் முன்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்போதுதான் அழுதார். "இன்னாத்துக்கு அயுவுற? தோ கீறேன், தோ கீறேன்" என்று பெரியப்பா அவர் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார். 

யாரும் சாகவில்லை என்று தெரிந்ததும் ஊருக்கு உயிர் வந்தது. அடுத்த நிமிஷமே கோபமும் வந்தது. சாவு இல்லை, கொடி இல்லை, பிறகு எதற்குக் கம்பு? வட்டத்தின் முன்னால் சின்ன நாட்டார் வந்து நின்றார். பெரியப்பாவைவிட வயதில் இளையவர், கறாரான மனிதர். காரணம் கேட்க வேண்டியது இரண்டாம் வீட்டின் கடமை, அவர் கேட்டே தீர வேண்டும்.

"கம்பு நின்னுகினு கீது. ஊரு காத்துகினு கீது. காரணம் சொல்லு நாட்டாரே."

பெரியப்பா பெரியம்மாவின் கையை விலக்கிவிட்டு முன்னால் வந்தார். கம்பைப் பார்த்தார். அதைச் சுற்றி ஒருவரும் மிதிக்காத ஈர மணலைப் பார்த்தார். அங்கே படகுகள் பக்கமிருந்து கம்பு வரைக்கும் போய், கம்பிலிருந்து திரும்பி வந்த சின்னஞ்சிறு காலடிகள் ஒரே ஒரு வரிசையாகப் பளிச்சென்று பதிந்து கிடந்தன. பத்தடிக்குள் கால் வைக்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டால் ஒன்றுகூட அழியவில்லை. வட்டமாக நின்ற அத்தனை பேரும் சாவுப் பயம் தெளிந்ததிலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். அது எனக்குத் தோன்றவே இல்லை. நான் வேலைக்குப் போன பிறகு ஒருநாள் நைனா சொல்லித்தான் தெரியும். நாட்டார் வீட்டில் அந்த அளவுக் கால் யாருக்கு இருக்கிறது என்று குப்பத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவர் யாரும் இல்லை. ஆனால் நட்டது குழந்தையா பெரியவரா என்று கட்டுப்பாடு பார்க்காது. வாய்விட்டு ஒருவர் சொல்லிவிட்டால் போதும், எங்கள் வீட்டுக்குக் கடல் மூடிவிடும். அதனால்தான் ஒருவரும் சொல்லாமல் நின்றிருக்கிறார்கள். சொல்ல வேண்டியவர் சொல்லட்டும் என்று காத்திருந்திருக்கிறார்கள்.

பெரியப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. நைனாவைத்தான் பார்த்தார். அடுத்த பட்டத்துக்கு உரியவர் நைனா. நைனா அம்மாவின் இடுப்பிலிருந்த தம்பியை ஒருமுறை பார்த்துவிட்டு, அண்ணனைப் பார்த்துச் சரி என்று மெதுவாகத் தலையை ஆட்டினார். பெரியப்பா வட்டத்துக்குள் கால் வைத்தார். எப்போதும் விறுவிறுவென்று நடக்கிறவர், அன்றைக்குப் பாதத்தை மணலில் தேய்த்துத் தேய்த்து, அந்தச் சின்னக் காலடிகளின் மேலேயே நடந்து போனார். ராஜா நடப்பதென்றால் இப்படித்தான் நடப்பார்கள் போலிருக்கிறது என்று நான் ஜெனிஃபர் காதில் சொன்னேன்.

கம்பில் கை வைத்தபடி ஊரைப் பார்த்தார்.

"இந்தக் கம்பு எனக்குத்தான். காலம்பற டோல்கேட்டுக்குப் போனா பொயுது சாஞ்சுதான் வூட்டுக்கு வர்றேன். ஊர் சேதி எதுவும் பாக்க முடில. மனசுல ரொம்ப நாளாவே இருந்துச்சு. இன்னியோட பட்டத்த எறக்கி வைக்கிறேன். அத்தான் காரணம்."

 சின்ன நாட்டார் ஓர் அடி முன்னால் வந்தார். அந்த வீடு ஏழு தலைமுறையாக இரண்டாவதாக நின்ற வீடு. சந்தோஷப்பட வேண்டிய மனிதர் தாழ்ந்த குரலில், "வேணாண்ணா, வேற எதுனா சொல்லுண்ணா" என்றார். பெரியப்பா கம்பை ஒரே இழுப்பில் பிடுங்கி, மணலைத் தன் காக்கிச் சட்டையிலேயே துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினார். சின்ன நாட்டார் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாங்கினார். நரைத்த தாடிக்காரர் ஒருவர் கைகூப்பினார். உடனே கரையில் இருந்த எல்லாரும் கைகூப்பினார்கள். சின்ன நாட்டாரைப் பார்த்து அல்ல, பெரியப்பாவைப் பார்த்து. பெண்களும் கைகூப்பினார்கள். காரணமே தெரியாமல் ஜெனிஃபரும் கூப்பினாள்.

புதிய பெரிய நாட்டாரின் முதல் கட்டளை, நேரமாகிறது, படகை இறக்குங்கள் என்பதுதான். ஆண்கள் வலையைத் தூக்கிக்கொண்டு அந்த ஈர மணலில் திமுதிமுவென்று இறங்கினார்கள். நைனாவின் படகும் இறங்கியது. ஒருவருக்கும் அன்றைய கடல் வீணாகவில்லை. வண்டியில் காத்திருந்த ஓர் அம்மாள், "இன்னாப்பா, எண்ணூர் போவியா மாட்டியா?" என்று சத்தம் போட்டாள். "தோ வந்துட்டேம்மா" என்று ஏழாவது பெரிய நாட்டார் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு ஓடினார். எண்ணூரிலிருந்து திரும்புகிற வழியில் ஜெனிஃபரையும் ஏற்றிக்கொண்டு, அவளை முன்னால் தன் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டார்.

எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? தலை தப்பியது என்று இருந்தது. இத்தனை பெரியவர்கள் இருந்தும் ஒருவராலும் கண்டுபிடிக்க முடியவில்லையே என்று என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். பெரியப்பா கம்பை நட நினைத்திருந்த அன்றைக்கே நானும் போய் நட்டிருக்கிறேன், என்னே பொருத்தம், அம்மன்தான் என்னைக் காப்பாற்றினாள் என்று முடிவு செய்தேன். பெரியம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து அரிசியில் மணல் பொறுக்கிக் கொடுத்தேன். அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் சடையை அவிழ்த்து, வாரி, இறுக்கிப் பின்னிவிட்டார்.

பயம் தெளிந்ததும் கோபம் வந்தது. பெரியப்பா மேல்தான். ஊர் பிடுங்கவில்லை, கடல் பிடுங்கவில்லை, ஷேர் ஆட்டோ ஓட்ட நேரம் பற்றவில்லை என்று யாராவது ராஜாங்கத்தைத் தூக்கிக் கொடுப்பார்களா? திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் ஜெனிஃபரிடம் என்ன சொல்வது? அவளோ வந்ததும் வராததுமாக, "உங்க பெரியப்பா நெஜமாவே ராஜாதான்டி" என்றாள். அவள் என்னைக் கேலி செய்கிறாள் என்று நினைத்து நான் இடம் மாறி உட்கார்ந்தேன். பெரியப்பாவோடு கா விட்டேன். அவர் வாங்கி வரும் பட்டாணியைத் தொடுவதில்லை. வண்டியில் ஏறினால் பின் இருக்கைதான். அவர் கண்ணாடியில் என்னைப் பார்ப்பது தெரியும், நான் கன்டெய்னர் லாரிகளை எண்ணிக்கொண்டு வருவேன். அவர் கெஞ்சவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. இரண்டு மாதம் இப்படியே போனது.

ஆடி வந்தது. பரிவட்டம் சின்ன நாட்டாருக்கு ஏறியது. பூசாரி கட்டியத்தை ஏழாவது பெயரோடு நிறுத்தி, ஒரு கணம் தயங்கி, புதிதாக எட்டாவது பெயரைச் சொன்னார். பம்பை அடி அதற்கு விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். பெரியப்பா கூட்டத்தோடு கூட்டமாகக் கூழ் வாங்கும் வரிசையில் எவர்சில்வர் தூக்கோடு நின்றுகொண்டிருந்தார். தலையில் ஒன்றும் இல்லை. முன்னால் வழுக்கை விழ ஆரம்பித்திருந்தது, பரிவட்டத்தில் அது தெரிந்ததே இல்லை. எனக்கு என்னவோ போலாகிவிட்டது. பாவம், தெரியாமல் ஒரு தப்புச் செய்துவிட்டார், எத்தனை நாள்தான் அவரைத் தண்டிப்பது என்று நினைத்தேன்.

வரிசையை விலக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றேன். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து நீட்டி, பழம் விட்டேன். "போனாப் போவுது பெரியப்பா. நீ செஞ்சத நான் மன்னிச்சிட்டேன்" என்றேன்.

அவர் தூக்கைக் கீழே வைத்தார். குனிந்து, என் இரண்டு விரலையும் தன் இரண்டு கைக்குள் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "ரொம்பப் பெரிய மனசும்மா உனக்கு" என்றார். ஆமாம், பெரிய மனசுதான் என்று எனக்கும் தோன்றியது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, தலை நிமிர்ந்து, வரிசையில் அவருக்கு முன்னால் நின்றேன்.